எழுத்தை மட்டும் சொன்னால் போதும்

முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதற்குத்தான் ரோவீனா டாஸ்கருக்குச் சம்பளம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான இந்த கிரிம்ஸ்பியில் நாளெல்லாம் குளிரில் நின்று மீன் அறுப்பவர்களுக்குக் கொடுக்கிற கூலியைப் பார்த்தால் இது ஒன்றும் மோசமான வேலை இல்லை. பத்தொன்பது வருடமாக வீடு வீடாகக் கதவு தட்டி, நாட்டு நடப்பைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, மடியில் வைத்திருக்கும் டேப்லெட்டில் பதிந்து அனுப்புகிறாள். ஒருவர் என்ன சொன்னாலும் புருவம் உயரக்கூடாது. உதடு பிதுங்கக்கூடாது. "ஐயோ பாவம்" வரக்கூடாது, "அப்படிச் சொல்லலாமா" என்பதும் வரக்கூடாது. கேள்வி புரியவில்லை என்று யாராவது கேட்டால் அவள் சொல்லலாம் என்று விதி அனுமதிப்பது ஒரே ஒரு வாக்கியம்: "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

கேள்விகளுக்கு அட்டைகள் உண்டு. அட்டையில் ஏ, பி, சி என்று எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதில். பதிலை வாய்விட்டுப் படிக்க வேண்டியதில்லை, எழுத்தை மட்டும் சொன்னால் போதும். இதை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்கள் இந்த ஊர் ஜனங்களை நன்றாகத் தெரிந்தவர்கள். இங்கே எல்லோருக்கும் வாய் நீளம்தான், கால்பந்து பற்றியும் கவுன்சில் பற்றியும் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளுவார்கள். சொந்தக் கஷ்டம் என்று வந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "குறை ஒண்ணுமில்ல, நல்லா இருக்கோம்" என்று ஜுரத்தில் படுத்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் எழுத்து என்றால் வந்துவிடும். புருஷன் அதே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெண்டாட்டி "டி" என்பாள். அந்த டி-க்கு எதிரே 'வாழ்க்கையில் நிம்மதியே இல்லை' என்று எழுதியிருப்பது அந்த மனிதருக்குத் தெரியாது. ரோவீனா முகம் மாறாமல் டி-யைத் தொட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுப்பாள்.

வேலையில் காட்டிய அடக்கத்தை வீட்டில் ஒரே ஒரு நாள் காட்டத் தவறினாள். ஏழு வருடம் ஆகிறது. இன்னும் அது அவளை விட்ட பாடில்லை.

அவளுடைய தங்கை லீயான் பதிமூன்று வயது இளையவள். அன்றைக்கு ரோவீனாவின் சமையலறையில் டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மறுபடியும் குழந்தை உண்டாகியிருக்கிறது என்று சொன்னாள். மூன்றாவது. அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவந்து ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. முதல் இரண்டு குழந்தைக்குத்தான் உதவித்தொகை, அதற்கு மேல் பிறந்தால் கிடையாது. அந்த மாதம் முழுக்க ரோவீனா அதைப் பற்றித்தான் கதவுக்குக் கதவு கேட்டுக்கொண்டிருந்தாள். வளர்க்க வக்கில்லாதவர்கள் எதற்குப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பத்து வீட்டில் ஆறு வீடாவது சொல்லியிருக்கும். கேட்டுக் கேட்டு அதைத் தன் சொந்தப் பேச்சு என்றே நினைத்துவிட்டாளோ என்னவோ.

"மூணாவதுக்கு ஒரு பென்னி வராது, தெரியும்ல? ஊர்ல எல்லாரும் யோசிச்சுத்தான் பெத்துக்கறாங்க. பெத்துப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே" என்றாள்.

லீயான் டீயைக் குடித்து முடித்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகும் கிறிஸ்துமஸுக்கு வந்தாள், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினாள், பேச்சுவார்த்தையில் குறை வைக்கவில்லை. ஆனால் அக்காவிடம் எதையும் கேட்டதில்லை. கடைசிக் குழந்தை ஓர்லாவுக்கு மூன்று வயதானபோது புருஷன் வேலை தேடி ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்குப் போனான், போனவன் போனவன்தான். அப்போதும் கேட்கவில்லை. மீன் தொழிற்சாலையில் காலை ஆறு மணி ஷிப்டுக்குச் சேர்ந்துகொண்டாள்.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து ரோவீனாவுக்கு மனசு சரியில்லை. எப்போது போனாலும் லீயான் வாசற்கதவைப் பாதி திறந்து, அந்த இடைவெளியில் நின்றே பேசினாள். வீட்டுக்குள் இருந்து வருகிறவள் கோட்டும் கழுத்துத் துணியும் போட்டிருந்தாள். "இப்பதான் கிளம்பிட்டு இருந்தேன்" என்பாள். மூன்று தடவை போனபோதும் இப்பதான் கிளம்பிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் கதவு இடுக்கில் முகங்களைப் படித்தவளுக்கு இது தெரியாதா? யாரோ உள்ளே விடாமல் நிற்கிறார்கள் என்றால் உள்ளே காட்ட முடியாதது ஏதோ இருக்கிறது. கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பாள். என்கிட்ட வந்து நிக்காதே என்று சொன்ன வாய் அது. மூடிக்கொண்டு வந்துவிடுவாள்.

பிப்ரவரியில் புதிய முகவரிகள் வந்தன. இந்த முறை தலைப்பு ஏழைக் குழந்தைகளும் அரசாங்க உதவியும். முகவரிகளைக் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் பொறுக்கி அனுப்பும். பட்டியலின் நடுவில் லீயான் வசிக்கும் தெருவின் பதினாலாம் நம்பர் இருந்தது. லீயான் பதினாறு.

தெரிந்தவர்களைப் பேட்டி எடுக்கக்கூடாது என்பது விதி. பதினாலில் இருப்பவரை ரோவீனாவுக்குத் தெரியாது, அதனால் விதியை மீறியதாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்த முகவரியை அவள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் போனாள், அதுவும் லீயான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் விடுமுறை.

கதவைத் திறந்தவர் கென் போரில். எழுபத்திநாலு வயது, மீன் துறைமுகத்தில் ஐஸ் அரைக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து நாலு வருடம். "வா கண்ணு, உக்காரு. நான் என்ன நினைக்கறேன்னு என் பெண்டாட்டி போனப்புறம் யாருமே கேக்கல" என்று சமையலறைக்குக் கூட்டிப்போனார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது அட்டைவரை எல்லாம் வழக்கம்போல் போனது. பத்தாவதை ரோவீனா எழுத்துக்கு எழுத்து படித்தாள். "இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ள குடும்பங்களுக்கு, கூடுதல் குழந்தைகளுக்காக அரசாங்கம் உதவித்தொகை தரக்கூடாது. இதை நீங்கள் எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள்?"

"ஏ" என்றார் கென். ஏ என்றால் முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? பக்கத்து வீட்டுலயே ஒருத்தி இருக்கா. மூணு. பெத்துக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்ல?"

ரோவீனா ஏ-யைத் தொட்டாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அடுத்தது. கடந்த அஞ்சு வருஷத்துல ஏழைக் குழந்தைகள் கூடியிருக்காங்களா, குறைஞ்சிருக்காங்களா?"

"கூடித்தான் இருக்கு. அதையும் பக்கத்து வீட்டைப் பாத்தே சொல்லிடலாம். குளிர் காலத்துல பாய்லர் ஓடினா பின் சுவத்துக் குழாய்ல ஆவி வருமில்ல? அங்க மூணு வாரமா ஆவியைக் காணோம். பிள்ளைங்க வீட்டுக்குள்ள கோட்டு போட்டுட்டு திரியுதுங்க. மீட்டர்ல முன்கூட்டியே காசு போட்டாத்தான வீட்டுக்குச் சூடும் வெந்நீரும்."

"அதுக்கு என்ன காரணம்னு நினைக்கறீங்க? அட்டையில பாத்து சொல்லுங்க. பெற்றோரின் சோம்பேறித்தனம் பி, குறைஞ்ச சம்பளம்..."

"சோம்பேறின்னு அவளைச் சொன்னா என் நாக்கு அழுகிடும். காலைல அஞ்சரைக்கு அவ கதவு சாத்தற சத்தத்துலதான் நான் எழுந்திருக்கேன். எழுதிக்கோ, குறைஞ்ச சம்பளம். அது என்ன எழுத்து, எஃப்பா? எஃப்."

"அப்போ..." என்று ஆரம்பித்துவிட்டு ரோவீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போ எப்படி ஏ சொன்னீர்கள் என்று கேட்க அவளுக்கு உரிமை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஓர்லா ஏறி நின்றுகொண்டிருந்தாள். மேலே குளிர் கோட்டு, கீழே இரவு உடை. மூக்கு சிவந்திருந்தது. ஆறு வயது. பள்ளி இருந்தால் சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம். இந்த வாரம் பள்ளி இல்லை.

ரோவீனா அப்போது செய்த காரியத்தை நினைத்தால் அவளுக்கே இன்றுவரை உடம்பு கூசுகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சொந்தத் தங்கை மகள் பார்த்துவிடக் கூடாதே என்று.

"ஒரு நிமிஷம் கண்ணு" என்று கென் எழுந்தார். எண்ணெயில் இருந்து எடுத்த மீனை ரொட்டிக்கு நடுவில் வைத்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். முதுகுக்குப் பின்னால் ரோவீனாவுக்கு எல்லாம் கேட்டது.

"இன்னிக்கு வால் துண்டா?"

"வால் துண்டுதான் மகாராணி. முள்ளு இருக்காது."

"அக்கா பெத்தனிக்கும் அண்ணன் டைலருக்கும்?"

"அதுவும் உள்ள இருக்கு."

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மா வேண்டாம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

கென் உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நமக்குன்னு பொரிக்கும்போது எப்பவும் கொஞ்சம் மிஞ்சிப்போவுது. பிள்ளைங்க மேல என்ன தப்பு? எங்க விட்டோம்?"

"பதிமூணாவது அட்டை" என்றாள் ரோவீனா. அவர் கொடுத்த மீனை எந்த அட்டையில் பதிவது? கேள்வித்தாளில் அதற்கு இடம் இல்லை. ஏ தான் போகும், லண்டனுக்குப் போய் எண்ணிக்கையில் சேர்ந்து, பத்தில் ஆறு பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று செய்தியில் வரும்.

முடிந்ததும் கம்பெனி வழக்கப்படி நன்றிக் கூப்பன் ஒன்றை உறையில் போட்டு நீட்டினாள், பத்து பவுண்டு. எந்தக் கடையிலும் செல்லும். கென் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போகும்போது இதை அந்த வீட்டு லெட்டர்பாக்ஸ்ல போட்டுட்டுப் போறியா? நான்னு சொல்லாதே."

"அது எங்களுக்குக் கூடாது, மிஸ்டர் போரில்."

"எல்லாமே கூடாது உங்களுக்கு" என்று அலுத்துக்கொண்டார்.

ரோவீனா காரில் ஏறி உட்கார்ந்தாள். தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் மூச்சுவிடக்கூடாது என்பதுதான் இந்த வேலையின் அடித்தளம், அதில் கை வைத்தால் நாளைக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். "உன் பாய்லர் ஓடலையாமே" என்று லீயானிடம் போய் நின்றால் யார் சொன்னது என்பாள். யார் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. சும்மா சாமான் வாங்கிக்கொண்டு போனால்? ஏழு வருடம் இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து முளைத்தது என்பாள். இருந்தாலும் வாங்கினாள். பாஸ்தா, முட்டை, சீஸ், உருளைக்கிழங்கு, ஓர்லாவுக்குப் பிடித்த பிஸ்கட், இரண்டு பை நிறைய. அது கார் டிக்கியிலேயே கிடந்தது. புதன்கிழமை பின்சந்து வழியாக மெதுவாக ஓட்டிப்போய்ப் பார்த்தாள். வரிசையாக எல்லா வீட்டுச் சுவரிலும் ஆவி போய்க்கொண்டிருந்தது, பதினாறில் இல்லை. வியாழக்கிழமையும் பார்த்தாள். இல்லை. வீட்டுக்கு வந்து தன் பாய்லரை அணைத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்தாள். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இந்த முறை வெளியே நின்றது லீயான். தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தாள், மேலெல்லாம் மீன் வாடை. கையில் கம்பெனியின் நீல எழுத்துப் போட்ட உறை.

"இது என்ன?"

கென்னுக்குக் கொடுத்த கூப்பன் உறை. கிழவர் தானே போய்ப் போட்டுவிட்டார்.

"நீ வேலைக்குக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போற கம்பெனி அட்டையில இருக்கே, அதே பேரு" என்றாள் லீயான். "நான் இல்லாத நேரம் பாத்து லெட்டர்பாக்ஸ்ல பிச்சை போட்டுட்டுப் போறியா? கதவைத் தட்டிக் கையில குடுக்கக்கூட உனக்குக் கேவலமா இருக்கா?"

"நான் போடல."

"பின்ன யாரு?"

"சொல்ல முடியாது."

"எங்க தெருவுக்கு வந்தியா இல்லையா?"

"அதையும் சொல்ல முடியாது, லீ."

"பக்கத்து வீட்டுல உக்காந்து என்னைப் பத்திக் கேட்டுட்டு இருந்தியா?" குரல் உடைந்தது. "எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். நீ எழுதிக்கிட்டு வந்துதான் தெரியணும்னு இல்ல. முதல்ல சொன்னதே நீதான்." உறையை வாசல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

இவள் இப்போது போனால் இனி வரமாட்டாள் என்று ரோவீனாவுக்கு உறைத்தது. கையைப் பிடித்து இழுக்கலாம், அழலாம், அதெல்லாம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. அவளுக்கு வந்தது ஒன்றுதான். மாடிப்படியில் தொங்கிய பையில் இருந்து அட்டைக் கட்டை எடுத்தாள்.

"லீ. ஒரே ஒரு அட்டை. வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். எழுத்தை மட்டும் சொல்லு."

"பைத்தியமா உனக்கு?"

"எழுத்தை மட்டும்."

லீயான் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே நின்றாள். ரோவீனா வேலையில் படிப்பது போலவே, ஏற்றம் இறக்கம் இல்லாமல் படித்தாள். "கடந்த மூன்று மாதத்தில், குழந்தைகளுக்குச் சாப்பாடு போதாமல் போய்விடும் என்று நீங்கள் சாப்பிடாமல் இருந்தது உண்டா? எத்தனை முறை?" அட்டையை நீட்டினாள்.

லீயான் அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ஏ" என்றாள். ஏறக்குறைய தினமும்.

"வீட்டைச் சூடாக்க முடியாமல் போனது உண்டா?"

"ஏ."

"உதவி வேண்டும் என்று யாரிடமாவது கேட்டீர்களா?"

"ஜி." யாரிடமும் இல்லை. அதற்குக் காரணம் கேட்கும் அட்டை அடுத்தது. ரோவீனா அதை எடுக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

லீயான் கையை நீட்டி அட்டைக் கட்டை அவளிடமிருந்து வாங்கினாள். ஒவ்வொன்றாகத் தள்ளி, பத்தாவதில் நிறுத்தினாள். "இப்ப நான் கேக்கறேன். ரெண்டுக்கு மேல பொறந்த குழந்தைக்கு அரசாங்கம் குடுக்கக்கூடாது. எவ்வளவு ஒத்துக்கற? எழுத்தைச் சொல்லு."

எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"அன்னிக்கு ஏ" என்றாள் ரோவீனா.

"இன்னிக்கு கேட்டேன்."

"ஈ." துளியும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓர்லா பொறந்து ஆஸ்பத்திரியில அவளைத் தூக்கினேனே, அன்னிக்கே ஈ ஆயிடுச்சு. உன்கிட்ட வந்து சொல்ல வாய் வரல. நான் பேசினது தப்பு, லீ. ரொம்பத் தப்பு." அதற்கு மேல் முகத்தைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லை, வைக்கவும் இல்லை.

லீயான் அட்டைகளை நேராக அடுக்கி மேசையில் வைத்தாள். வெளியே இருந்த காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினாள்.

"சாப்பிட ஏதாவது இருக்கா, ரோ?"

நின்றபடியே இரண்டு முட்டையும் நாலு துண்டு ரொட்டியும் சாப்பிட்டாள். பிறகு பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தினாள். இரண்டு பேரும் காரில் போனார்கள். பாய்லர் மீட்டருக்கு முன்பணம் கட்ட வழியில் ஒரு கடையில் நின்றார்கள். பதினாறாம் நம்பர் கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே வெளியை விடக் குளிராக இருந்தது.

முதல் பையை வைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க ரோவீனா காருக்குத் திரும்பினாள். கென் போரில் குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, வேலையாக வந்தவர்களுக்குத் தலையாட்டுவது போல ஆட்டினார். அதே சமயம் வாசலில் இருந்து ஓர்லா கத்தினாள்: "ரோ ஆன்ட்டி, பிஸ்கட் அந்தப் பையிலயா இருக்கு?"

கென் குழந்தையைப் பார்த்தார். பிறகு ரோவீனாவைப் பார்த்தார். தொட்டியின் பிடியிலிருந்து கையை எடுக்க மறந்துபோனார்.

"நீ அவளுக்கு..."

"லீயானுக்கு அக்கா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். என் தப்பு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. செவ்வாய்க்கிழமை தன் சமையலறையில் என்னவெல்லாம் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார் என்பது ரோவீனாவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு, அந்தப் பத்தாவது அட்டை. நான் ஏ சொன்னேன்ல? அதை மாத்திக்கலாமா?"

"அன்னிக்கே அனுப்பியாச்சு."

"திருப்பி வாங்க வழியே இல்லையா?"

"இல்ல, மிஸ்டர் போரில்" என்றாள் ரோவீனா. பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நானும் ஏழு வருஷமா தேடிட்டுத்தான் இருக்கேன்."